'தளை' என்றால் விலங்கு மட்டும்தானா?

"அடிமைத்தளையில் வரும் தளையும் யாப்பில் (செய்யுள் இலக்கணத்தில்) வரும் தளையும் ஒரே சொல்லா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் போல. ஒரே சொல்தான். தளைத்தல் என்றால் கட்டுதல். கைதியின் காலில் கிடந்தால் விலங்கு, மேயவிட்ட கழுதையின் முன்னங்கால்களில் கிடந்தால் கால்கட்டு. சைவர்களின் பதி, பசு, பாசத்தைத் தனித்தமிழில் எழுதுகிறவர்கள் இறை, உயிர், தளை என்பார்கள். மொட்டு விரிவதைக்கூடப் பழம்பாட்டுகளில் 'தளையவிழ்தல்' என்றுதான் சொல்கிறார்கள்.

இதெல்லாம் அகராதியிலேயே கிடைக்கும். நான் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக.

எனக்கு உடன்குடிப் பக்கம். அப்பா பனையேறி. எங்கள் வீட்டில் தளை என்றால், மரமேறும்போது இரண்டு பாதத்துக்கும் சேர்த்து மாட்டிக்கொள்கிற நார் வளையம். "ஏல, தளைய எங்கல போட்ட?" என்ற சத்தத்தில்தான் தினமும் விழிப்பேன். பத்தாம் வகுப்பில் தமிழய்யா தளை என்றால் என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி ஆச்சே! "பனையேறக் கால்ல போடுறதுய்யா" என்றேன். வகுப்பே சிரித்தது. அய்யாவும் சிரித்துவிட்டு, "நீ அதுக்குத்தான் லாயக்கு" என்றார். வயிற்றுவலி என்று சொல்லி இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

நான் சொன்னதில் என்ன தப்பு? தளைநார் இருப்பதால்தான் பாதங்கள் விலகாமல் மரத்தை இரண்டு பக்கமும் கவ்வும், உச்சியில் இரண்டு கையையும் விட்டுப் பாளை சீவ முடியும். யாப்பிலும் அதே வேலைதான். செய்யுள் அடியின் துண்டு சீர், சீரின் துண்டு அசை. நின்ற சீரின் கடைசி அசையையும் வரும் சீரின் முதல் அசையையும் தளை பிணைக்கிறது. 'அகர முதல' பாருங்கள்: 'அகர' நேர் என்ற அசையில் முடிகிற மாச்சீர், அடுத்த சீர் 'முதல' நிரை என்ற அசையில் தொடங்குகிறது, மாமுன் நிரை, அதாவது மாச்சீருக்குப் பின் நிரை வந்தால் இயற்சீர் வெண்டளை. பிணைப்பு தவறினால் தளை தட்டும். அப்பாவுக்குத் தளை அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொல்காப்பியர் தளையைச் செய்யுளின் தனி உறுப்பாகச் சொல்லவில்லையே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், தெரியும். அடிமைத்தனத்துக்கு அழகு சேர்க்கிறான் என்றும் நினைக்காதீர்கள். கொத்தடிமை முறையை 1976-ல் சட்டம் போட்டு ஒழித்த பிறகும் செங்கல் சூளைகளிலிருந்து ஆட்களை மீட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தத் தளையை மாட்டியவன் முதலாளி. அப்பா தன் தளையைத் தானே முறுக்கித் தானே மாட்டிக்கொண்டார்.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பனை நம் மாநில மரம். ஆனால் கலயத்தில் புளிக்காமலிருக்கத் தடவுகிற சுண்ணாம்பு குறைவு, இது பதநீர் இல்லை, கள் என்று சொல்லி அப்பாவை ஒருநாள் ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். அன்றைக்கு இறக்கிய பதநீர் மொத்தமும் புளித்துப்போனது. அவர்கள் சொன்னதை அவர்களே உண்மையாக்கிவிட்டார்கள்!

இதைத் தட்டும்போது போன் ஏழெட்டுத் தடவை 'தலை' என்று மாற்றிவிட்டது. எங்காவது விட்டுப்போயிருந்தால் ளகரம் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.