பெயர் கட்டடத்துக்குத்தான், கோர்ட்டுக்கு இல்லை

வாடகை பாக்கி, பாகப்பிரிவினை, வாய்தா என்று கேட்டுக்கொண்டிருந்த வாசகர்கள் இந்த முறை வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். நீதிமன்றக் கட்டடங்களுக்கு நல்ல நீதிபதிகளின் பெயரை வைத்தால் என்ன என்று முன்பொரு பதிலில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, எங்கள் பகுதியில் பிறந்து உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து மறைந்தவர் ஒருவர் உண்டு. இந்தப் பக்கம் நீதிமன்றத்துக்குப் புதுக் கட்டடம் கட்டினால் அவர் பெயரை வைக்க வேண்டும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் மாநகராட்சிக்கு மனு கொடுத்தது. பதிலே இல்லை. யாரிடம் கேட்பது?
— ராயபுரம் வாசகர்

மாநகராட்சி தெருவுக்குப் பெயர் வைக்கும், பூங்காவுக்கு வைக்கும். கோர்ட் கட்டடம் அதன் கையில் இல்லை. உங்கள் மனு இந்நேரம் ஏதோ ஒரு கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீதிமன்றம் வேறு, நீதிமன்றம் நடக்கிற கட்டடம் வேறு. நீதிமன்றத்தின் பெயர் சட்டத்திலிருந்து வருவது. சென்னை மாநகர உரிமையியல் நீதிமன்றத்துக்கு 1892ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மற்ற ஊர்களின் முன்சீப் கோர்ட், சப் கோர்ட்டுக்கெல்லாம் 1873ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பெயரில் யாரும் எதையும் ஒட்டவும் முடியாது, வெட்டவும் முடியாது. கட்டடம் அப்படியில்லை. அது அரசாங்கப் பணத்தில் எழுகிற செங்கல்லும் சிமெண்டும். அதற்குப் பெயர் வைக்க ஓர் அரசாணை போதும்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கட்டடத்துக்குப் பெயர் சிங்காரவேலர் மாளிகை. சிங்காரவேலரும் வக்கீல்தான். ஒத்துழையாமை இயக்கத்தின்போது கோர்ட்டுக்கு இனிப் போக மாட்டேன் என்று கறுப்பு கவுனைத் தீயில் போட்டவர். 1923இல் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் மே தினக் கூட்டம் போட்டவர். அவர் பெயர் கட்டடத்தில் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்திருப்பவர் சென்னை மாவட்ட ஆட்சியர்தான். சைதாப்பேட்டையில் பனகல் மாளிகையும் இதே கதைதான்.

ஆனால் கோர்ட் கட்டடத்தில் ஒரு கூடுதல் முடிச்சு. அரசமைப்புச் சட்டத்தின் 235ஆவது பிரிவு கீழ் நீதிமன்றங்களின் கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. கட்டிக் கொடுத்தது நாங்கள், பெயரும் நாங்களே வைப்போம் என்று அரசு தன் இஷ்டத்துக்கு இறங்காது. அதனால் வழி இதுதான்: உங்கள் பகுதி நீதிமன்றத்தின் வழக்கறிஞர் சங்கம் ஒரு தீர்மானம் போட வேண்டும். அதையும் உங்கள் மனுவையும் சேர்த்து முதன்மை நீதிபதியிடம் கொடுங்கள். சென்னையில் அது மாநகர உரிமையியல் நீதிமன்றத்தின் முதன்மை நீதிபதி, மற்ற ஊர்களில் மாவட்ட முதன்மை நீதிபதி. அது அவர் வழியாக உயர் நீதிமன்றப் பதிவாளருக்குப் போகும், நீதிபதிகள் பார்ப்பார்கள். அவர்கள் சரி என்றால் அரசாணை உள்துறையிலிருந்து வரும். வழக்கறிஞர் சங்கத்தின் தீர்மானம் இல்லாத மனு, சாட்சி இல்லாத பிராது மாதிரி.

மனுவையும் கொஞ்சம் கவனித்து எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். இரண்டு பக்கத்துக்கு ‘நீதியின் சிகரம்’, ‘ஏழைகளின் விளக்கு’ என்று போகிறது. அவர் என்ன தீர்ப்புச் சொன்னார் என்று ஒரு வரி இல்லை. நீதிபதியை நினைவில் வைக்கத் தீர்ப்பை விட்டால் வேறு என்ன இருக்கிறது? இரண்டு தீர்ப்புகள், அவற்றால் யாருக்கு என்ன கிடைத்தது, அவ்வளவு போதும். ஒரு பக்கத்தில் முடியுங்கள்.

பெயர் மாறினால் என் கேஸ் கட்டில் இருக்கிற பழைய பேப்பர் எல்லாம் செல்லாமல் போய்விடுமா சார்? பதினோரு வருடமாக நடக்கிற வழக்கு.
— கொருக்குப்பேட்டை வாசகர்

ஒன்றும் ஆகாது. பிராதின் தலைப்பில் நீதிமன்றத்தின் பெயர் இருக்கும், கட்டடத்தின் பெயர் இருக்காது. தீர்ப்பாணையிலும் அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், சந்தேகம் தீர்ந்துவிடும். ஊர் பெயர் 1996இல் மெட்ராஸிலிருந்து சென்னை ஆனது. ஆனால் ஆங்கிலத்தில் உயர் நீதிமன்றத்தின் பெயர் இன்றைக்கும் மெட்ராஸ் ஹைகோர்ட்தான். 1862இல் விக்டோரியா மகாராணியின் சாசனத்தால் வந்த பெயர் அது, மாற்ற நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். 2016இல் அதற்கு ஒரு மசோதா வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் என்று வேண்டாம், தமிழ்நாடு உயர் நீதிமன்றம் என்று வையுங்கள் எனச் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. மசோதா சட்டமாகவில்லை. ஊரே பெயர் மாறியும் கோர்ட் பெயர் மாறவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கு பதினோரு வருடம் நடப்பதற்குக் காரணம் வேறு, அதைத் தனியாக எழுதுங்கள்.

நீதிபதி முத்துசாமி ஐயர் பெயரை வைக்கலாம் என்று எங்கள் நண்பர்கள் வட்டத்தில் பேச்சு வந்தது. சாதிப் பெயர் வரும், வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— பெரம்பூர் வாசகர்

ஆளைப் பற்றி முதலில். மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி அவர். உயர் நீதிமன்றத்தில் அவருடைய பளிங்குச் சிலை இருக்கிறது. தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தார் என்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்டிருப்போம். அதைவிட எனக்குப் பிடித்த கதை வேறு. ஓர் இந்தியனை அந்த நாற்காலியில் உட்கார வைப்பதா என்று அன்றைய வெள்ளைக்காரப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. அதற்குப் பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லையே என்று ஆறு இளைஞர்கள் சேர்ந்து 1878இல் தொடங்கியதுதான் ‘தி இந்து’. 1893இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் உட்கார்ந்தார். பெயர் வைக்கத் தகுதியா என்றால், தகுதிதான்.

சாதி ஒட்டு என்பது நியாயமான ஆட்சேபம். பெரியார் நூற்றாண்டையொட்டி எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களில் சாதியை எடுக்க முடிவானது. தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலை, பலகையில் ஜி.என். சாலை ஆனது அப்படித்தான். இங்கே தம்பு செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் ஜனங்களின் வாய் இன்னும் பலகைக்குக் கட்டுப்படவில்லை. என் சேம்பரே தம்பு செட்டித் தெருவில்தான். முகவரி சொல்லும்போது நானும் முழுதாகத்தான் சொல்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் புதிதாக வைக்கிற பெயரில் அந்த ஒட்டு தேவையில்லை என்பது என் கட்சி. பாதியில் வெட்டின மாதிரி இருக்குமே என்று கவலைப்பட வேண்டாம். அவர் பெயருக்கு முன்னால் நிற்கிற ‘டி’ திருவாரூர். ‘திருவாரூர் முத்துசாமி நீதிமன்ற வளாகம்’ என்று சொல்லிப் பாருங்கள், காதுக்கு நன்றாகவே இருக்கிறது.

உங்கள் நண்பர்கள் வட்டத்துக்கு இன்னொரு பெயரும் தருகிறேன்: நீதியரசர் ஏ. வரதராஜன். 1980இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் தலித் நீதிபதி. அதற்கு முன்னால் நம் உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். அவரை எத்தனை பேருக்குத் தெரியும் என்று உங்கள் கூட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் பெயரை வைப்பதைவிட, தெரிய வேண்டியவர் பெயரை வைப்பதில்தான் எனக்கு ஆசை.

ஓய்வு பெற்று நம்மோடு வாழ்கிற நீதிபதி பெயரை வைக்கலாமா?
— வியாசர்பாடி வாசகி

வேண்டாம் அம்மா. அவர் தீர்ப்பைப் பற்றியே நாளைக்கு அதே கட்டடத்தில் வாதம் நடக்கும். அவர் பேரன் அங்கேயே வக்காலத்துப் போடுவான். வழக்கின் எதிர்த்தரப்புக்காரன் வாசலில் பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே வரும்போது என்ன நினைப்பான்? ஒருவர் காலம் முடிந்து கொஞ்ச வருடம் போகட்டும்.

பெயர் எதற்கு, ஒரு சிலையோ படமோ வைத்துவிட்டால் போதாதா?
— பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

சுலபம் என்று நினைத்துக் கேட்கிறீர்கள். அதுதான் கஷ்டம். சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களில் புதிதாகச் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சரி, வாசலுக்கு உள்ளே படம் மாட்டலாம் என்றால், 2023 ஜூலையில் வந்த உயர் நீதிமன்றச் சுற்றறிக்கை ஞாபகம் இருக்கும். நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு யார் படமும் கூடாது என்றது. அப்படியானால் அம்பேத்கர் படம்? வழக்கறிஞர்கள் கொதித்துப் போனார்கள். சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைப் பார்த்துப் பேசினார், அம்பேத்கர் படத்தை எடுக்க மாட்டார்கள் என்று அப்புறம் விளக்கம் வந்தது. அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர் படத்துக்கே இந்தப் பாடு.

என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே ஒரு கோர்ட் கட்டடத்துக்கு நீதிபதி பெயர் வைக்க நாடாளுமன்றமே சட்டம் போடுகிறது என்கிறான். நிஜமா? இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?
— தண்டையார்பேட்டை வாசகி

நிஜம். மத்திய அரசின் நீதிமன்றக் கட்டடத்துக்கு அங்கே பெயர் வைப்பது அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றும் சட்டத்தால்தான். நியூயார்க்கில் தர்குட் மார்ஷல் பெயரில் இருக்கும் நீதிமன்றம் 2001இல் அப்படிப் பெயர் பெற்றது. உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர். சின்ன விஷயம் என்கிறீர்கள், ஆனால் சட்டம் என்றால் நாலு பேர் எழுந்து நின்று இந்த மனிதர் ஏன் என்று சபையில் சொல்ல வேண்டும், அது பதிவாகும். நம் அரசாணையில் காரணம் ஒரு வரியோடு முடிந்துவிடும். அந்த ஒரு வழக்கத்தை மட்டும் நாம் கடன் வாங்கலாம்.

உங்கள் மகனிடம் சார்ல்ஸ்டன் கதை தெரியுமா என்று கேளுங்கள். சவுத் கரோலினா மாநிலத்து ஊர். 1951இல் அங்கே ஒரு வழக்கு. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பஸ் கொடுங்கள் என்று பெற்றோர் கேட்டதில் ஆரம்பித்து, தனித்தனிப் பள்ளி என்பதே சரியா என்ற கேள்வியில் வந்து நின்றது. மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் பழைய ஏற்பாடு சரி என்றார்கள். வேடிஸ் வேரிங் ஒருவர்தான் மாறுபட்டார். பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்று எழுதினார். அவர் அந்த ஊரின் பழைய வெள்ளைக் குடும்பத்துக்காரர். அந்தத் தீர்ப்புக்கு முன்பே ஊர் அவரை ஒதுக்கியிருந்தது, வீட்டில் கல் விழுந்திருந்தது. அடுத்த வருடமே ஓய்வு வாங்கிக்கொண்டு நியூயார்க் போய்விட்டார். 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் சொன்ன பக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த ஊர் நீதிமன்றக் கட்டடத்துக்கு, அதற்குப் பணம் வாங்கிக் கொடுத்த செனட்டர் ஹாலிங்ஸின் பெயர் இருந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே, என் பெயரை எடுத்துவிட்டு வேரிங் பெயரை வையுங்கள் என்று தானே கேட்டார். 2015இல் பெயர் மாறியது. நான் பணம் வாங்கிக் கொடுத்தேன், அவர் தீர்ப்புக் கொடுத்தார் என்ற கணக்கு. அடிக்கல்லில் பெயர் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது என்று சண்டை போடும் நம் ஊரில் இந்தக் கதையை அடிக்கடி சொல்ல வேண்டும்.

நீதிபதி என்று போடுவதா, நீதியரசர் என்று போடுவதா?
— எண்ணூர் வாசகர்

உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்றால் நீதியரசர் என்று எழுதுவது வழக்கம். மாவட்ட அளவில் நீதிபதி. பலகையில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர் போட்டாலும் குற்றமில்லை, எழுத்து பெரிதாக வரும்.

மனு கொடுத்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் ரிட் போடலாமா?
— திருவொற்றியூர் வாசகர்

போடலாம். ரிட் என்பது அரசுக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடுகிற மனு, அதற்கு வழக்கு நம்பரும் கிடைக்கும். பெயர் வைப்பது கொள்கை முடிவு, நாங்கள் உத்தரவிட முடியாது என்று சொல்வார்கள். அதிகம் போனால் ‘மனுவைப் பரிசீலிக்கவும்’ என்று ஒரு வரி கிடைக்கும். அந்த ஒரு வரிக்கு நீங்கள் வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் வழக்கறிஞர் சங்க நூலகத்துக்கு அவர் பெயரில் ஓர் அலமாரி புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம். வக்கீலாக இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்.

எல்லாம் சரி அண்ணே, பெயர் வைத்தாலும் ஜனங்கள் சொல்லப்போவதில்லையே. பிராட்வேயை எவன் பிரகாசம் சாலை என்கிறான்?
— காசிமேடு வாசகர்

நெற்றியடி. சைமன் கமிஷன் எதிர்ப்பின்போது இதே பாரிமுனையில் துப்பாக்கிக்கு நேரே மார்பைக் காட்டிய வக்கீல் பிரகாசம். பிற்பாடு மாகாணத்துக்கே முதலமைச்சர். அவர் பெயர் பலகையில் இருக்கிறது, கண்டக்டர் வாயில் ‘பிராட்வே, பிராட்வே’தான்.

உங்கள் பேட்டைக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். படகு இன்ஷூரன்ஸ் விஷயம். காலையில் பத்தரைக்கு சிங்காரவேலர் மாளிகை வாசலில் நில்லுங்கள் என்று பெருமையாக முழுப் பெயரையும் சொல்லி அனுப்பினேன். பதினொன்றேகாலுக்கு போன். ‘சார், ஒரு மணி நேரமா தேடுறேன், ஆட்டோக்காரருக்கும் தெரியல, இங்க ஒரு டீக்கடைல நிக்கிறேன்’ என்றார். எங்கே என்று கேட்டேன். ‘கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ல’ என்றார். சாலையைத் தாண்டிப் போய் அழைத்து வந்தேன். வாசலில் பலகையைக் காட்டினேன். நிமிர்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, ‘நம்ம சிங்காரவேலரா? மே தினத்துக்குக் கொடி ஏத்துவோமே, அவரா?’ என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் உள்ளே போய்ச் சேர்ந்தபோது எங்கள் டோக்கன் நம்பர் தாண்டிப் போயிருந்தது.