ஜாவாவில் வயல் வாங்கலாமா? – கடிதம்

வணக்கம் அம்மா,

இந்தோனேசியாவில் சோலோ நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் நீங்கள் குடியிருந்ததைப் பற்றி எழுதியதையெல்லாம் வாசித்திருக்கிறேன். எனக்கு வயது 58. நூற்பாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஊரில் இருந்த நிலத்தை அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றுவிட்டோம். போன வருடம் நானும் மனைவியும் யோக்யகர்த்தா போயிருந்தபோது, கிளாத்தேன் வழியாக ரயிலில் சோலோ போனோம். இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் மெராபி மலை. அங்கே அரை ஏக்கர் வயல் வாங்கி, ஓரத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டி, வருடத்துக்கு ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று ஆசை வந்துவிட்டது. அங்கே பழக்கமான ஒருவர், "வெளிநாட்டுக்காரர் பெயரில் முடியாது, என் பெயரில் பதிவோம், நமக்குள் ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்" என்கிறார். செய்யலாமா? ஊர்க்காரர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?

கே., உடுமலைப்பேட்டை

அன்புள்ள கே. அவர்களுக்கு,

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, 'ஹக் மிலிக்' என்கிற முழு உரிமை அந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இன்னொருவர் பெயரைப் போட்டுச் சுற்றுவழியில் வெளிநாட்டவர் கைக்குப் போகும்படி செய்தாலும் அந்த விற்பனை செல்லாது என்கிறது அதன் 26ஆம் பிரிவு. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குப் பின் அவர் பிள்ளைகள் வருவார்கள், அவர்களிடம் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. தங்கும் அனுமதி பெற்ற வெளிநாட்டவருக்கு 'ஹக் பக்காய்' என்று ஒரு பயன்பாட்டு உரிமை உண்டு. அது குடியிருக்க ஒரு வீட்டுக்கு, அதற்கும் குறைந்தபட்ச விலை வரம்பு வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்கும் நெல்வயலுக்கு அது உதவாது.

இன்னொரு விதி அந்த ஊர்க்காரர்களுக்கே உண்டு. நம் ஊர் ஒன்றியம் போல அங்கே 'கெச்சமத்தான்'. வயல் இருக்கும் கெச்சமத்தானுக்கு வெளியே குடியிருப்பவர் அந்த வயலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1961இல் விதி போட்டார்கள். ஜகார்த்தாவில் இருந்துகொண்டு வயல் வைத்திருப்பவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். விதி ஏன் வந்தது என்பதை எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலில்தான் புரிந்துகொண்டேன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் கணவருக்கு சோலோவில் ஜவுளி ஆலையில் வேலை. டெலாங்குக்குப் பக்கத்துக் கிராமத்தில் வருட வாடகைக்கு ஒரு வீடு எடுத்து இரண்டு வருடம் இருந்தோம். டெலாங்கு என்றால் ஜாவாவில் எல்லோருக்கும் அரிசிதான் நினைவுக்கு வரும். ரோஜோலேலே என்கிற மணமுள்ள அரிசி அந்த மண்ணுடையது. அது விளைய ஐந்து மாதம் ஆகும் என்பதால் பெரும்பாலும் குறுகிய கால ரகங்களைத்தான் இப்போது நடுகிறார்கள்.

பின் வயலை உழுதவர் எழுபது வயதுப் பெரியவர். நாங்கள் 'எம்பா' என்று கூப்பிடுவோம், தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அங்கே அதே சொல்தான். பத்திரம் ஜகார்த்தாவில் இருந்த ஒருவர் பெயரில். எம்பா 'மரோ'வில் உழுதார். மரோ என்றால் விளைச்சலில் பாதிக்குப் பாதி, நம் ஊர் வாரச் சாகுபடி மாதிரி. அரை ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களை அங்கே 'குரெம்' விவசாயி என்பார்கள், குரெம் என்றால் கோழிச்செல், கோழி மேல் ஊரும் சின்னப் பூச்சி. எம்பாவுக்கு அந்த அளவுகூடச் சொந்தமில்லை.

கதிர் முற்றும்போது வியாபாரி வந்து வரப்பில் நடந்து, கண்ணாலேயே அளந்து, நிற்கிற பயிருக்கு விலை சொல்லுவார். அதற்குப் பெயர் 'தெபாசான்'. பணம் உடனே கைக்கு வரும், ஆனால் அறுக்கிற ஆட்களை வியாபாரியே வெளியிலிருந்து கூட்டி வருவார். எம்பா எல்லாவற்றையும் அப்படிக் கொடுத்ததில்லை. ஒரு மூலையை விட்டுவைப்பார். அதைத் தெருப் பெண்கள் அறுப்பார்கள், கூலி நெல்லாகவே. அதை 'பாவோன்' என்பார்கள். அறுத்து முடிந்ததும் சிந்திய கதிர் பொறுக்கச் சில கிழவிகள் வருவார்கள், அவர்களை யாரும் தடுக்க மாட்டார்கள். அப்புறம் ஒருவர் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருவார். பத்திரத்தில் ஒரு பெயர்தான். அந்த வயலில் சாப்பிட்டவர்களை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது வருடம் ஜகார்த்தாக்காரர் வயலை விற்றுவிட்டார். வாங்கியவர் நகரத்திலிருந்து வந்து மண் கொட்டி மேடாக்கினார். வாய்க்கால் அடைந்தது, அடுத்திருந்த இரண்டு வயலுக்கும் தண்ணீர் குறைந்தது. "யா சுடா" என்றார் எம்பா. 'சரி, ஆகட்டும்' என்று அர்த்தம். அதன்பிறகு அவர் சாலையோரத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தேன். வாங்கியவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் உங்களைப் போல வயலைப் பார்த்து ஆசைப்பட்டவர்தான். ஜன்னலைத் திறந்தால் மெராபி தெரிய வேண்டும் என்று சொன்னார். உங்கள் கடிதத்தில் மெராபியைப் பார்த்ததும் எனக்கு எம்பா ஞாபகம் வந்துவிட்டார்.

ஊர் நம்மைச் சேர்த்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்த்துக்கொள்ளும், அதற்கு நிலம் வேண்டியதில்லை. நெல், அரிசி, நொய், சோறு, பருக்கை, காந்தல் என்று நமக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருப்பதுபோல, அவர்களுக்கும் பரி, பெராஸ், மெனிர், செகோ, உபோ, இந்திப். இதை நான் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பார்த்த அன்று பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பின்கதவு பகலில் சாத்தியதே இல்லை.

வாசல் ஓரத்தில் எல்லா வீட்டிலும் ஒரு சின்ன டப்பா தொங்கும். முன்பெல்லாம் அதில் ஒரு சிட்டிகை அரிசி போட்டுவைப்பார்கள், இப்போது பெரும்பாலும் 500 ரூப்பியா காசு. இரவுக் காவலுக்கு முறைபோட்டுச் சுற்றும் ஆண்கள் அதை எடுத்துக்கொண்டு போவார்கள். அதற்கு 'ஜிம்பித்தான்' என்று பெயர். சேர்ந்த பணம் தெருவிளக்குக்கு, யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது கைச்செலவுக்கு. நம் ஊர்ப் பிடியரிசி நினைவுக்கு வருகிறதா? எங்கள் டப்பாவில் காசு இருக்கிறதா என்று எந்த வீட்டிலும் கேட்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கல்யாணம் என்றால் இரண்டு நாள் முன்பே பெண்கள் 'ரேவாங்' போவார்கள், கல்யாண வீட்டில் சமையலுக்குக் கைகொடுக்க. எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலை கிடைத்தது. அங்கே உட்கார்ந்துதான் நான் அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டேன். விருந்தில் யாரும் எழுந்து போய் எடுக்க வேண்டாம், ஊர்ப் பையன்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கைக்குக் கை கொடுப்பார்கள். முதலில் தேநீர், அடுத்து சூப், பிறகு சாப்பாடு, கடைசியில் ஐஸ். ஐஸ் வந்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். மொய்யும் உண்டு, உறையில் போட்டுத் தருவார்கள், திரும்பச் செய்யவும் வேண்டும். ஜாவா நாள்காட்டியின் 'பெசார்' மாதத்தில் கல்யாணம் குவியும், கூலிவேலை செய்கிறவர்கள் அந்த மாதம் கடன் வாங்கித்தான் உறை வைப்பார்கள். இந்தப் பாரத்தையும் நீங்கள் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். அடுத்து வரும் 'சுரோ' மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை.

ஆகவே நான் சொல்வது இது. வயலை விட்டுவிடுங்கள். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, முதலில் விசா அனுமதிக்கிற நாட்கள் மட்டும் இருந்து பாருங்கள். இந்தியர்களுக்கு அங்கே போய் இறங்கியதும் 30 நாள் விசா தருகிறார்கள், இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். யோக்யகர்த்தாவுக்கும் சோலோவுக்கும் இடையே 2021 முதல் மின்சார ரயில் ஓடுகிறது, டெலாங்குவில் நிற்கும், கட்டணம் 8,000 ரூப்பியா. நோன்புப் பெருநாளை ஒட்டிய வாரங்களில் மட்டும் போகாதீர்கள். ஜகார்த்தாவில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பும் நேரம் அது, ரயிலில் இடம் கிடைக்காது. சைவம் என்றால் கவலையில்லை, சோயாவில் செய்கிற தெம்பேயும் தாஹுவும் எல்லா வீட்டிலும் உண்டு. சம்பால் என்கிற மிளகாய்த் துவையலில் மட்டும் 'திராசி' போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது இறால் விழுது.

ஊரில் இறங்கிய அன்றே, 24 மணி நேரத்துக்குள், அந்தத் தெருவின் 'ஆர்.டி.', அதாவது தெருத் தலைவர், வீட்டுக்குப் போய் வந்திருப்பதைச் சொல்லிவிட வேண்டும். கடவுச்சீட்டு நகல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ சர்க்கரையும் ஒரு பொட்டலம் தேயிலையும் வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே ஒரு வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோவது அதுதான். வாசலில் நின்று 'குலோனுவுன்' என்று குரல் கொடுங்கள். உங்கள் மனைவியையும் கூட அழைத்துப் போங்கள்.