பதில்: வாளித் தண்ணீரும் 14 மாதப் பாப்பாவும்

இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது, வாளிகளைக் காலியாக வைக்க முடியவில்லை, பாப்பா அங்கேயே போய் நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது சகோதரி. இந்த வயதில் தலைதான் கனம். எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீரே போதும், சத்தமும் கேட்காது.

திருகுமூடி போட்ட டிரம்மில் பிடித்து வையுங்கள். தட்டு வைத்து மூடினால் தள்ளிவிடுவாள். குளித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். பாத்ரூம் கதவுக்கு வெளியே, உங்கள் தோள் உயரத்தில் தாழ்ப்பாள் அவசியம். வாடகை வீடென்றாலும் உரிமையாளரிடம் கேட்டு அடித்துவிடுங்கள். விருந்தாளிகளிடமும் சொல்லுங்கள், அவர்கள்தான் திறந்துபோட்டுப் போவார்கள்.

தப்பித்தவறி விழுந்தால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றக் கூடாது. மூச்சில்லையென்றால் உடனே வாயில் ஊதி, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.