மகள் பீர் பற்றிப் படிக்கலாமா?

கோத்தகிரி ஐயாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகள், ஆல்கஹால் குறைந்த பீரை ருசியாகச் செய்வது பற்றி ஆராய்ச்சி பண்ணப் போவதாகச் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்களோ என்ற கவலையும் தெரிகிறது. பேசத்தான் செய்வார்கள். அவள் கேட்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியின் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹால் ஆக்குகிறது. அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கு மால்டோஸ். பீர் தயாரான பிறகு, காற்றழுத்தத்தைக் குறைத்து லேசாகச் சூடாக்கி ஆல்கஹாலை ஆவியாக்கி எடுக்கலாம். ஆனால் வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட் போன்றவையும் கூடவே போய்விடும். மிஞ்சுவது சப்பென்று இருக்கும். இன்னொரு வழி, ஆல்கஹாலை அதிகம் உண்டாகவே விடாதது. சாக்கரோமைகோடிஸ் லுட்விகி, பிச்சியா குளூய்வெரி போன்ற ஈஸ்ட்களுக்கு மால்டோஸைத் தின்ன வராது. குளுக்கோஸ் மாதிரி எளிய சர்க்கரை தீர்ந்ததும் நின்றுவிடும். அதற்குள் பச்சை மால்ட் வாடை தரும் ஆல்டிஹைடுகளைக் குறைத்துவிடும். பிச்சியா பழமணத்தையும் சேர்க்கும். தொல்லையும் உண்டு. மிஞ்சிய சர்க்கரை பானத்தை இனிப்பாக்கும், கெடுக்கிற கிருமிகளுக்கும் தீனியாகும். அதனால் பாஸ்டரைஸ் செய்வதில் கவனம் தேவை. எந்த ஈஸ்ட், எத்தனை டிகிரி, எப்போது நிறுத்துவது என்ற இந்தக் கணக்குதான் உங்கள் பெண்ணை இழுத்திருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம்.

இந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்குப் பீர் ஆலை ஒன்றுதான் கதி என்றில்லை. தயிர் கல்ச்சர், என்சைம், இன்சுலின் எல்லாம் இதே வித்தைதான். உங்கள் பக்கத்துக் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் முத்தடுப்பூசிக்காகப் பாக்டீரியாவை வளர்ப்பதும் அப்படியே. அந்த லூயி பாஸ்டரே 1876இல் பீரைப் பற்றி ஒரு தனி நூல் எழுதியவர். சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

சரி, எங்கே சேர்ப்பது? பீர் என்று பெயர் போட்ட படிப்பை இப்போதே தேட வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.டெக் உணவுத் தொழில்நுட்பம் இருக்கிறது, உயிரித் தொழில்நுட்பமும் இருக்கிறது. இது பொறியியல் கலந்தாய்வில் வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பிளஸ் டூவில் எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் கிடைக்காவிட்டால் பி.எஸ்சி மைக்ரோபயாலஜி படிக்கலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில் லேப் வேலைதான் கிடைக்கும் என்பது என் கருத்து. மைசூருவில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் இரண்டு வருட எம்.எஸ்சி உணவுத் தொழில்நுட்பத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். இன்னொன்று, உணவுத் தொழில்நுட்பம் வேறு, கேட்டரிங் வேறு, விண்ணப்பத்தில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆர்வத்தில் வீட்டிலேயே பீர் போட்டுப் பார்க்கிறேன் என்றால் கண்டிப்பாக விடாதீர்கள். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். அதற்குப் பதில் இட்லி மாவை எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் ஊர்க் குளிரில் மாவு பொங்க எவ்வளவு நேரமாகிறது என்று வீட்டம்மாவுக்கு நன்றாகவே தெரியும். ஒரே மாவை அடுப்படியில் ஒரு கிண்ணமும் கூடத்தில் ஒரு கிண்ணமும் வைத்து, வெப்பநிலை, உயரம், புளிப்பைக் காட்டும் பிஎச் தாளின் நிறம் மூன்றையும் மணிக்கணக்கில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் சலித்துப்போனால் அதுவும் நமக்கு ஒரு பதில்தானே?

அந்த நோட்டையும் மதிப்பெண் பட்டியலையும் அனுப்புங்கள். அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.