போல்ட் அமைப்பு வழக்கத்துக்கு மாறாக உள்ள பழைய காருக்கு மாற்றுச் சக்கரம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பழைய கார் ஒன்று வைத்திருக்கிறீர்கள், அதோடு வந்த இரும்புச் சக்கரங்கள் துருவேறிவிட்டன, இப்போது விற்கும் எந்தச் சக்கரத்தின் துளைகளும் உங்கள் ஹப்புக்கு, அதாவது சக்கரத்தை மாட்டும் அச்சுத் தலைக்கு, பொருந்தவில்லை. "கிட்டத்தட்டப் பொருந்துகிறது, முறுக்கினால் உட்கார்ந்துவிடும்" என்று சொல்லி ஒருவர் ஒரு ஜோடியைக் காட்டுகிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். இதை நான் அனுபவித்துவிட்டே சொல்கிறேன்.

என்னுடையது 1972ஆம் ஆண்டு ஃபியட் 124. நான்கு போல்ட்; அவற்றின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் 98 மில்லிமீட்டர். இந்த விட்டத்தைத்தான் பி.சி.டி. என்கிறார்கள், எழுதும்போது 4×98. உலகம் முழுக்கச் சிறிய கார்களில் அதிகம் காணப்படுவது 4×100. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். அந்த இரண்டு மில்லிமீட்டரை அலட்சியம் செய்து, அழகான 4×100 அலாய் சக்கரங்கள் நான்கை வாங்கி மாட்டினேன். முதல் போல்ட் விரலாலேயே இறங்கியது. அடுத்தடுத்த இரண்டும் ஸ்பேனரைக் கேட்டன. எதிர்ப்பக்கத்துப் போல்ட்டைக் கையின் முழு பலத்தையும் கொடுத்து இறக்கினேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

வேகம் கூடியதும் ஸ்டியரிங் நடுங்கியது. டயர் பேலன்ஸ் சரியில்லை என்று நினைத்து அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். இரண்டு வாரம் கழித்துச் சக்கரத்தைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. போல்ட் தலைக்குக் கீழே கூம்பு வடிவில் ஒரு பகுதி இருக்கும். சக்கரத்தின் துளையில் உட்காருவது அதுதான். அந்தக் கூம்பின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கண்ணாடிபோல் மின்னியது. மறுபக்கத்தில் கறுப்புப் பூச்சு புதிது போல அப்படியே இருந்தது. இரண்டு வாரமாக அந்தப் போல்ட் ஒரு விளிம்பில் மட்டும் தொங்கிக்கொண்டு, சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வளைந்து நிமிர்ந்திருக்கிறது. வளைந்து நிமிரும் இரும்பு என்றாவது ஒரு நாள் ஒடியும்.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிது. காரின் எடையைப் போல்ட் தன் தண்டில் சுமப்பதில்லை. அது சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது. அந்த இரண்டு முகங்களுக்கும் இடையே உண்டாகும் உராய்வுதான் வேலையைச் செய்கிறது. கூம்பு கோணலாக உட்கார்ந்தால் டார்க் ரெஞ்ச் காட்டும் முறுக்கு விசை பொய். நீங்கள் கொடுக்கும் பலம் கூம்பு உரசுவதிலேயே செலவாகிவிடும், இறுக்கம் கிடைக்காது.

ஆகவே முதல் வேலை அளப்பது. அதையும் நீங்களே செய்யுங்கள். இணையப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். பழைய கார்களில் ஹப்பையே யாராவது முன்பு மாற்றியிருக்கலாம். நான்கு போல்ட் என்றால் எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் அதுவே விடை. ஐந்து போல்ட் என்றால் எதிரே நேராகத் துளை இருக்காது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மைய தூரத்தை அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். மூன்று போல்ட் என்றால் 1.155ஆல் பெருக்குங்கள். மையத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த துளையின் இடது விளிம்பு வரை வெர்னியர் காலிப்பரால் அளந்தால் மைய தூரமே கிடைத்துவிடும். ஸ்கேல் போதாது. 5×120க்கும் 5×120.65க்கும் பக்கத்துத் துளைகளில் தெரியும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. முதலாவது பிஎம்டபிள்யூ பலவற்றின் அளவு. இரண்டாவது பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே கார்களின் நாலே முக்கால் அங்குலம். ஒன்றை மற்றதில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். என் கூம்பைப் பார்த்தவன் என்ற முறையில், நான் மாட்ட மாட்டேன்.

அளவு கைக்கு வந்ததும் உங்கள் காரின் பெயரை மறந்துவிட்டு அந்த அளவைத் தேடுங்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிகச் சொந்தங்கள் கிடைக்கும். ஃபியட் 124ஐ அடிப்படையாகக் கொண்டு 1970 முதல் சோவியத் நாட்டில் தயாரான லாடாவும் 4×98தான், ஆல்ஃபா ரோமியோவின் ஆல்ஃபாசூடும் அப்படியே. ஜாகுவாரின் அந்த 120.65 பழைய அமெரிக்க ஷெவர்லே கமாரோவிலும் கார்வெட்டிலும் வருகிறது. எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் நாலரை அங்குல வட்டத்தை மில்லிமீட்டரில் எழுதினால் 4×114.3, அந்த அளவை ஜப்பானியக் கார்கள் ஏராளமாகப் பயன்படுத்தின. பழைய மினியின் 4×101.6 கண்ணுக்கு 4×100 போலத் தெரிந்து ஏமாற்றும். பழைய பீட்டிலின் 5×205, சிட்ரோயன் 2சிவியின் 3×160 போன்றவற்றைப் பார்த்தவுடன் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. அந்த வகையில் அவற்றின் உரிமையாளர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆபத்து எப்போதும் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் அளவுகளில்தான்.

துளை வட்டம் பொருந்தினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, அவ்வளவுதான். நடுத்துளையைப் பாருங்கள். ஹப்பின் நடுவே மேடாக நிற்கும் வளையம் சக்கரத்தின் நடுத்துளைக்குள் ஆடாமல் பொருந்தினால், சக்கரம் தானாகவே மையத்தில் நிற்கும். கடையில் விற்கும் அலாய் சக்கரங்களின் நடுத்துளை பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகவே இருக்கும். இடைவெளியை நிரப்ப மைய வளையம் போட வேண்டும். துளை சிறியதாக இருந்தால் லேத்தில் கடையலாம், ஆனால் எவ்வளவு கடையலாம் என்பது அந்த இடத்தில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அடுத்து போல்ட் உட்காரும் இடம். சிலவற்றில் 60 பாகைக் கூம்பு, சிலவற்றில் பந்து போன்ற வளைவு, சிலவற்றில் தட்டை வாஷர். ஃபோக்ஸ்வேகன் கார்கள் பலவற்றோடு வரும் சக்கரங்கள் பந்து வகை. தனியாக விற்கும் அலாய் சக்கரங்கள் பெரும்பாலும் கூம்பு வகை. பந்துத் தலைப் போல்ட்டைக் கூம்புத் துளையில் இறுக்கினால் தொடுவது மெல்லிய கோடு மட்டுமே. சக்கரத்தை மாற்றினால் அதற்கேற்ற போல்ட்டையும் சேர்த்தே வாங்குங்கள். மரையும் சரியாக இருக்க வேண்டும்: ஃபியட்டில் எம்12×1.25 (12 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர்), வேறு பல ஐரோப்பியக் கார்களில் எம்12×1.5, பழைய பிரிட்டிஷ் கார்களில் அங்குல மரை. எம்12×1.5 போல்ட்டை 1.25 துளையில் போட்டால் முதல் ஓரிரு சுற்று போவதுபோல் போக்குக் காட்டும், பிறகு மரையைத் தின்றுவிடும்.

நீளத்தை யாரும் பேசுவதில்லை; எனக்கு இதில்தான் கவலை அதிகம். அலாய் சக்கரம் தடிமனாக இருப்பதால் நீளமான போல்ட் தேவைப்படும். போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரை உள்ளே போக வேண்டும். 12 மில்லிமீட்டர் போல்ட் 1.5 மரையில் எட்டுச் சுற்று. இப்போது டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியை நினைத்துப் பாருங்கள். அது பழைய மெல்லிய இரும்புச் சக்கரம். இரவில் டயர் பஞ்சராகி, அலாயிலிருந்து கழற்றிய நீளப் போல்ட்டை அதில் போட்டு இறுக்கினால், முனை ஹப்பைத் தாண்டிப் பின்பக்கம் நீட்டிக்கொண்டு பிரேக் டிரம்முக்குள் இருக்கும் பாகங்களில் இடிக்கலாம். என் காரில் நான்கு குட்டைப் போல்ட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி ஸ்டெப்னியின் குழிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது. சக்கரத்தின் முதுகில் ET என்ற எழுத்துகளோடு பொறித்திருப்பார்கள். பழைய சக்கரம் 5 அங்குல அகலம், ஆஃப்செட் 29 என்று வைத்துக்கொள்வோம். 6 அங்குலத்துக்குப் போனால் 25.4 மில்லிமீட்டர் கூடுகிறது. ஆஃப்செட்டை 29ஆகவே வைத்தால் உள்ளே 12.7, வெளியே 12.7. உள்பக்கம் சஸ்பென்ஷனில் இடிக்காமல் பழைய இடத்திலேயே நிற்க வேண்டுமானால் ஆஃப்செட் 16 அளவில் இருக்க வேண்டும். அப்போது கூடுதல் அகலம் முழுவதும் வெளியே தள்ளிக்கொண்டு வரும். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் இதன் விளைவைத் தோள்பட்டை உடனே சொல்லிவிடும், வீல் பேரிங் கொஞ்சம் கழித்துச் சொல்லும். நான் பழைய நடுக்கோட்டிலிருந்து அதிகம் விலகுவதில்லை.

வாங்குவதற்கு முன் டயர் இல்லாத வெறும் ரிம்மை ஒரு முறை மாட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பிரேக் காலிப்பரின் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு சிறு உருண்டையாக ஒட்டி, சக்கரத்தை மாட்டிக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் நசுங்கிய களிமண்ணில் மிஞ்சியிருக்கும் தடிமனே உங்களிடம் உள்ள இடைவெளி.

டயரின் வெளிவிட்டம் பழையதற்கு நெருக்கமாக இருக்கட்டும். 155/80 ஆர்13 டயரின் (அகலம் 155 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 13 அங்குலம்) விட்டம் ஏறத்தாழ 578 மில்லிமீட்டர். 185/60 ஆர்14உம் அதே 578. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ரிம்மின் எடை தாங்கும் அளவையும் பாருங்கள்: அச்சின் அதிகபட்ச எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. மிஷெலின் 1970களில் கொண்டுவந்த டிஆர்எக்ஸ் சக்கரங்கள் கண்ணில் பட்டால் மட்டும் கவனம். அவற்றின் விட்டம் 365, 390 என்று மில்லிமீட்டரிலேயே இருக்கும். அங்குல டயர் எதுவும் அவற்றில் ஏறாது.

சரியான சக்கரம் எங்குமே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? என் முதல் தேர்வு பழைய இரும்புச் சக்கரத்தையே காப்பாற்றுவது. பெயின்ட் முழுவதையும் உரித்து, காற்றுத் துளைகளைச் சுற்றியும் நடுத்தட்டு ரிம்மோடு சேரும் இடத்திலும் துரு தின்றிருக்கிறதா, போல்ட் துளை முட்டை வடிவமாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுத்தட்டு நன்றாக இருந்து ரிம் மட்டும் போயிருந்தால், அதே நடுத்தட்டைப் புதிய ரிம்மில் பற்றவைத்துக் கொடுக்கும் சக்கரப் பட்டறைகள் இருக்கின்றன. உங்கள் பி.சி.டி., நடுத்துளை, போல்ட் இருக்கை மூன்றும் மாறாமல் கையில் இருக்கும். அகலமும் ஆஃப்செட்டும் உங்கள் விருப்பம். விசித்திரமான போல்ட் அமைப்புக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அடாப்டர் தட்டு பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஹப்பில் ஒரு தட்டை இறுக்கி, அதன் மேல் வேறு அமைப்புள்ள சக்கரத்தை இறுக்குவது. அது 20 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக, நடுத்துளையில் கச்சிதமாக உட்காரும் வகையாக இருந்தால் நான் எதிர்க்க மாட்டேன். தடிமன் அப்படியே ஆஃப்செட்டிலிருந்து கழியும். ஆகவே 45 ஆஃப்செட் கொண்ட இக்காலச் சக்கரம் 20 மில்லிமீட்டர் அடாப்டரோடு 25ஆகி, பழைய காருக்குப் பொருத்தமாகவே வந்து நிற்கலாம். மெல்லிய தட்டுகளைத் தொடாதீர்கள். கூம்பு தனியாக நகரும் போல்ட்டுகளும் உண்டு, ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஈடுகட்ட. நடுத்துளை சக்கரத்தைச் சரியாகத் தாங்கும்போது மட்டுமே அவற்றுக்கு அர்த்தம் உண்டு. அலாய் சக்கரத்தின் பழைய துளைகளை அடைத்துவிட்டு அதே இடத்தில் புதிதாகத் துளையிடுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

1960களின் மெக்னீசியம் சக்கரங்கள் கிடைத்தால் ஆசை வரும், எனக்கும் வந்தது. வாங்கினால் சாயம் ஊடுருவும் முறையில் விரிசல் சோதனை செய்யாமல் சாலையில் ஓட்டாதீர்கள். விரிசல் பெயின்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

மாட்டும்போது ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அந்த முகத்தில் பெயின்ட் தடிமனாக இருக்கக் கூடாது. பெயின்ட் நசுங்கினால் போல்ட் தளரும். சக்கரம் தரையைத் தொடாத நிலையில் எல்லாப் போல்ட்டையும் விரலால் இறக்கி, எதிரெதிராக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை.

உங்கள் ஹப்பில் எத்தனை துளை, பக்கத்துத் துளைகளின் மைய தூரம் எவ்வளவு, நடு மேட்டின் விட்டம் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் அளந்து கேள்வியோடு சேர்த்து எழுதுங்கள். எந்தக் காரின் சக்கரங்கள் உங்களுக்குப் பொருந்தும் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.