அந்தச் சொல்லைத் திருப்பி வையுங்கள்

வணக்கம் அம்மா,

என் மகளுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். நாம் பேசுவது அவளுக்கு முழுதாகப் புரியும். அவள் பேசுவது என்னைத் தவிர யாருக்கும் புரியாது. அண்ணன் கொடுத்த பழைய டேப்லெட்டில், படத்தைத் தொட்டால் பேசும் செயலியைப் பழகிவருகிறாள். போன மாதம் மாமியார் வந்திருந்தபோது, "பிள்ளை மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிட்டாளா?" என்று கேட்டார். "சாப்பிட்டாள் அத்தை" என்றேன். இவள் "பொய்" என்ற பொத்தானை விடாமல் அழுத்தினாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றிரவே அதையும், "போ", "பிடிக்கவில்லை" போன்ற வேண்டாத சொற்களையும் மறைத்துவிட்டேன். இப்போது டேப்லெட் அடிக்கடி நின்றுவிடுகிறது. புதிதாக எதை வாங்கலாம்? இதைப் பழகினால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்று பள்ளியில் சொல்வது உண்மையா? ஸ்டீபன் ஹாக்கிங் போல அவளும் ஒருநாள் வருவாள் என்று நம்புகிறேன்.

க., கோவில்பட்டி

அன்புள்ள க.,

என் பெரியப்பா மகள் இந்த மாசியில் காலமானாள். அவளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பள்ளியில் சொல்வது தவறு. இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் ஒரு மதிப்பாய்வு வெளியானது. அதில் நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூட வாய்ப்பேச்சு குறையவில்லை; பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. வாய்ப்பேச்சுக்குத் துணையாக இத்தகைய வழிகளைப் பள்ளிகளில் ஊக்குவிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். ஹாக்கிங்கை விட்டுவிடுங்கள். 1985இல் மூச்சுக்குழாய் அறுவைச் சிகிச்சையால் குரல் போனபோது அவருக்கு வயது 43. மொழி முழுவதும் அவரிடம் இருந்தது. உங்கள் மகள் இப்போதுதான் சொல் சேர்க்கிறாள். சேர்ப்பதை நீங்கள் பிடுங்குகிறீர்கள்.

அன்று மத்தியானம் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாளா, இல்லையா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உங்கள் முகம் சுருங்கியதை எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை சொன்னது உண்மையா என்பதை எழுதவில்லை. உண்மையாகத்தான் இருந்திருக்கும். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ஊட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். பாதிச் சோறு உள்ளே போவதற்குள் தாய்க்கு இடுப்பு ஒடிந்துவிடும். அதை மாமியாரிடம் விளக்கத் தெம்பில்லாமல் "சாப்பிட்டாள்" என்று சொல்லிவிட்டீர்கள். அதில் குற்றமே இல்லை. ஆனால் அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். பேச்சு அவளைப் பற்றியது. தனக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள்.

மாசியில் காலமான அந்த அக்காவுக்கு முப்பது வயதுவரை தலையசைப்பும் ஓர் ஓசையும்தான் இருந்தன. தம்பிகள் உரக்கப் படிக்கும்போது பக்கத்தில் படுத்துப் பார்த்துப் பார்த்தே எழுத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது ஒருவருக்கும் தெரியாது. பிறகு ஒரு சிறப்பாசிரியை வந்து அட்டை ஒன்று தயாரித்துக் கொடுத்தார். 247 எழுத்துக்கும் அதில் இடம் கிடையாது; அக்காவின் கையும் அவ்வளவு சிறிய கட்டத்தில் நிற்காது. அதனால் மேலே 12 உயிர், கீழே 18 மெய், ஓரத்தில் ஆய்தம். 'க்' தொட்டு 'ஓ' தொட்டால் 'கோ'. இடக்கைக் கட்டைவிரலின் மடங்கிய கணுவால் தொடுவாள். பக்கத்தில் இருப்பவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்க வேண்டும்.

பெரியப்பா இறந்த மறு ஆண்டு, 1994இல், ஊர் வீட்டை விற்பதென்று முடிவானது. கூடத்தில் அண்ணன்மார், வாங்க வந்தவர், பத்திர எழுத்தர். அக்கா அட்டையைத் தொட ஆரம்பித்தாள். வழக்கம்போல அண்ணி படித்தார்: "எ... ன்... ப... ங்..." அதோடு நிறுத்திவிட்டார். "தண்ணீர் கேட்கிறாள்" என்றார். செம்பில் தண்ணீர் வந்தது. அக்கா வாயைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி ரவிக்கையை நனைத்தது. கணு மறுபடியும் 'எ'க்குப் போனது. பத்திர எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்து வந்து தானே எழுத்துக் கூட்டினார். "தண்ணீர் இல்லை. என் பங்கு எவ்வளவு என்று பிள்ளை கேட்கிறது" என்றார்.

திருமணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமே கொடுத்திருந்தது. விற்பனை அன்று நின்றது. பிறகு நடந்த இழுபறி பெரிய கதை. முடிவில் ஒரு கடையின் வாடகை கடைசிவரை அவள் பெயரில் வந்தது.

பத்திர எழுத்தர் அன்று எழுந்து வராமல் இருந்திருந்தால்? அட்டையில் எழுத்தைத் தொடுபவள் ஒருத்தி, படிப்பவர் இன்னொருவர். படிப்பவருக்கு மனமில்லை என்றால் "பங்கு" தண்ணீராகிவிடும். பேசும் கருவிக்கு அண்ணியிடம் பயம் கிடையாது. "பங்கு" என்று தொட்டால் கூடம் முழுவதும் கேட்கும்படி "பங்கு" என்றே சொல்லும். அப்படி ஒன்று உங்கள் மகளுக்கு ஒன்பது வயதிலேயே கிடைத்திருக்கிறது. நீங்கள் அதற்குள் அந்த அண்ணியைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டீர்கள்.

மறைத்தது போக என்ன மிச்சம் இருக்கும்? தண்ணீர், பசி, கழிப்பறை, நன்றி. தேவையைச் சொல்வது பேச்சின் நான்கு நோக்கங்களில் ஒன்றுதான் என்று ஜானிஸ் லைட் என்ற ஆய்வாளர் 1988இலேயே எழுதினார். செய்தி பகிர்வது, நெருங்கிப் பழகுவது, மரியாதை காட்டுவது ஆகியவை மற்றவை. மறுப்பதற்கும் சண்டை போடுவதற்கும் சொல் இல்லாத பிள்ளை யாரிடம் நெருங்கிப் பழக முடியும்? இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளி வண்டியில் எவனாவது அவளைத் தொடக்கூடாத இடத்தில் தொட்டால், எந்தப் பொத்தானை அழுத்துவாள்? "நன்றி"யையா?

இன்றைக்கே அந்தச் சொற்களைத் திருப்பி வையுங்கள். "தொடாதே", "நீ செய்தது தப்பு", "அம்மாவிடம் சொல்வேன்", "எனக்கு எவ்வளவு?" ஆகியவற்றையும் சேருங்கள். பேசும்போது நீங்களும் அந்தப் பொத்தான்களைத் தொட்டே பேசுங்கள். அவள் பார்த்துப் பழகட்டும். ஒன்பது வருடமாக அவள் குரலைப் பிரித்துப் புரிந்துகொண்ட ஒரே ஆள் நீங்கள். உங்களால் முடியாததா?

டேப்லெட் எதுவாக இருந்தாலும் ஒலி பலமாக இருக்கட்டும். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழ் உண்டு. அவள் கை எந்த அளவுக் கட்டத்தைத் தவறாமல் தொடுகிறது என்று பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். கருவியின் குரல் செய்தி வாசிப்பது போல இருந்தால், அவள் வயதுச் சிறுமி யாரையாவது கோவில்பட்டிப் பேச்சில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சார்ஜ் தீரும் நேரத்துக்கு எழுத்தட்டை ஒன்றை லேமினேட் செய்து சக்கர நாற்காலியில் கட்டிவிடுங்கள். எழுத்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றியும் ஒன்றும் இல்லை. ஒன்பது வயதே தாமதம்தான். இந்த வாரமே 'அ'விலிருந்து தொடங்குங்கள்.