மும்பை பார்க்க அடகு நகையின்மேல் இன்னும் கடன் வாங்கலாமா?

கேள்வி: முக்கூடல் பகுதியில் பள்ளி வேன் ஓட்டுகிறேன், மனைவி பீடி சுற்றுகிறார். இருவருக்குமாக மாதம் 28,000 ரூபாய் வருகிறது. தாராவியில் இருக்கும் மைத்துனர் எங்களை வருந்தி அழைக்கிறார். நாங்கள் நால்வரும் மதுரையைத் தாண்டியதில்லை. மே மாதம் மும்பை போய்வர 90,000 ரூபாய் ஆகும். அதில் 27,000 ரூபாய், அங்குள்ள ஒன்பது சொந்தக்கார வீடுகளுக்குத் துணி எடுக்க என்று அம்மா சொல்கிறார். கூரை வேலைக்காக 60,000 ரூபாய்க்கு அடகு வைத்த சங்கிலி, கோவில் கொடைக்கு 85,000, மருமகள் சடங்குக்கு 1,20,000 என்று மூன்றாண்டில் ஏறி நிற்கிறது. மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. அதன்மேலேயே வாங்கலாமா, செயலியில் பயணக் கடன் வாங்கலாமா? இப்போதைய வட்டி போக மாதம் 4,500 ரூபாய் என்னால் கட்ட முடியும்.

பதில்: இரண்டும் வேண்டாம். மும்பைக்கு நீங்கள் அவசியம் போக வேண்டும்; ஆனால் மே மாதத்தில் அல்ல, டிசம்பரில்.

உங்கள் குடும்பத்தை அரிப்பது இந்தப் பயணம் அன்று. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அந்த ஏற்றத்தை வருமானமாக நினைத்து, அதே சங்கிலியின்மேல் கூடுதல் பணம் வாங்கும் பழக்கமே. முதல் ஆண்டு 10,800, அடுத்த ஆண்டு 15,300, மூன்றாம் ஆண்டு 21,600 என்று ஏறக்குறைய 47,700 ரூபாய் வட்டியாகவே போயிருக்கிறது, அசல் இரட்டிப்பாகியிருக்கிறது. இன்னும் 90,000 ரூபாய் வாங்கினால் ஆண்டு வட்டி மட்டும் 37,800 ரூபாய். உங்கள் மும்பைப் பயணத்தின் உண்மையான செலவு அதைவிடக் குறைவு.

திருநெல்வேலியிலிருந்து மும்பையின் தாதர் நிலையத்துக்கு நேரடி ரயில் இருக்கிறது. இரண்டு இரவுப் பயணம். தூங்கும் வசதி வகுப்பில் ஆளுக்கு ஆயிரம் என்று தாராளமாகவே வைத்தாலும் போக வர நால்வருக்கும் 8,000 ரூபாய். தாராவி வீடுகள் மிகச் சிறியவை. நால்வர் போய்த் தங்கினால் மைத்துனர் வாய்விட்டுச் சொல்லாமல் சிரமப்படுவார். ஆகவே மூன்று இரவுக்கு லாட்ஜ் 9,000 ரூபாய் என்று வையுங்கள். சாப்பாட்டுக்கும் ஊர் சுற்றவும் 9,000 போதும். உள்ளூர் ரயில்களுக்கு ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் சுற்றுலாப் பயணச்சீட்டுகள் தருகிறார்கள். எலிபெண்டா தீவில் உள்ள குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. படகுக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளை ஏமாற்றிவிடாதீர்கள். இன்னொரு 4,000 ரூபாயில் சொந்தக்கார வீடு ஒவ்வொன்றுக்கும் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போங்கள். துணி வேண்டாம் என்பதை அம்மாவிடம் நீங்களே இப்போதே சொல்லிவிட வேண்டும். நமது பக்கத்துச் சனம் அங்கே நிறைய இருப்பதால், ஒன்பது வீடு என்பது பயண நாளுக்குள் பதினைந்து வீடாகிவிடும். ஆக மொத்தம் 30,000 ரூபாய்.

செயலிக் கடனில் ‘வட்டியில்லாத் தவணை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வட்டி பெரும்பாலும் பயணத்தின் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், செயலாக்கக் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதியைத் தளர்த்தியதையும் வாங்குவதற்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் சங்கிலியை அரசு வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ மாற்றுங்கள். காலையில் மீட்டு அன்று மாலைக்குள் வங்கியில் வைக்க ஒரு நாள் கைமாற்று தேவைப்படும். இவ்வளவு அன்போடு அழைக்கும் மைத்துனரிடம் அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் மாத வட்டி 1,800 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகக் குறையும். மாதந்தோறும் அசலும் கட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இப்போது கட்டும் வட்டி 1,800 ரூபாயும் நீங்கள் சொன்ன 4,500 ரூபாயும் சேர்ந்து உங்கள் கையில் உள்ள 6,300 ரூபாயில், புதிய வட்டி போக 2,500 ரூபாய் அசலுக்கு, 2,800 ரூபாய் ஏடிஎம் அட்டை வாங்காத ஒரு தனிச் சேமிப்புக் கணக்குக்கு. இந்த ஜனவரியில் தொடங்கினால் நவம்பருக்குள் 30,800 ரூபாய் சேர்ந்துவிடும். அசலிலும் 27,500 ரூபாய் குறைந்திருக்கும்.

அரையாண்டு விடுமுறையில் மும்பையில் மழையும் இராது, மே மாதத்துப் புழுக்கமும் இராது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறப்பதால், அக்டோபர் கடைசி வாரத்தில் போகும் சீட்டையும், திரும்பும் நாளுக்கான முன்பதிவு திறந்த அன்றே அந்தச் சீட்டையும் அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள்.